கிள்ளான் மண்டபத்துப் படத்துக்கு நான் பூ வைத்தது

என் சித்தப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் படம் பார்த்தாக வேண்டும். படம் என்றால் கொட்டகையில் ஓடுகிற படம் இல்லை. சுவரில் மாட்டியிருக்கும், அசையாது, பேசாது, நாம்தான் அதன் முன்னால் போய் நிற்க வேண்டும். அந்தப் படம். ஜப்பான்காரன் வருவதற்கு ஏழெட்டு வருடம் முந்தி, கோலாலம்பூரில் எந்தச் சுவரில் எந்தப் படம் தொங்குகிறது என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறொரு தமிழனுக்குத் தெரிந்திருக்காது. எனக்கு அப்போது ஏழு வயது. அவர் விரலைப் பிடித்துக்கொண்டு அத்தனை இடத்துக்கும் நானும் போயிருக்கிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் காரில் போய் இறங்கி ஓவியம் பார்த்துவிட்டு வந்து எனக்கு விளக்கம் சொல்கிறார்கள். கேட்டுக்கொள்கிறேன். நான் பார்த்ததை அவர்கள் பார்க்கப்போவதில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அங்கிருந்து நடந்தே மியூசியத்துக்குப் போவோம். அங்கே பஞ்சு அடைத்த புலி ஒன்று இருந்தது. எனக்கு அதன் பல்லைப் பார்க்க வேண்டும். சித்தப்பா என்னை இழுத்துக்கொண்டு போய், யாரோ வெள்ளைக்காரர் வரைந்த ஓர் ஆற்றின் முன்னால் நிறுத்துவார்.

"தண்ணி ஓடுது பாத்தியா?"

"ஓடலையே சித்தப்பா."

"நல்லாப் பாரு, ஓடும்."

நான் கால் மாற்றி மாற்றி நிற்பேன். அது ஓடாது. பிறகு அங்கிருந்து பெட்டாலிங் ஸ்திரீட்டில் ஒரு சீனக் கிழவர் கடை. செத்துப்போனவர்களின் சின்ன போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தால், கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கரித்தூளால் பெரிய முகமாக வரைந்து கொடுப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது, சித்தப்பாவுக்குச் சீனம் தெரியாது. பசார் மலாய் என்கிற கடைத்தெரு மலாயில் நாலு வார்த்தை பேசிவிட்டு, மீதி நேரம் ஒருவர் வரைவார், மற்றவர் பார்ப்பார். கடைசியில் எங்கள் பக்கத்துச் சபா மண்டபம். அங்கே வாசகசாலைச் சுவரில் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிகள் வீட்டுப் பிள்ளைகள் வரைந்த மாங்காயும் மயிலும் ஒட்டியிருக்கும். அதையும் விடமாட்டார். "இந்த மயிலுக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

அவருக்கு வேலை செந்தூல் பட்டறையில். ரயில் பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடித்து, மேலே எழுத்தும் நம்பரும் எழுதுவது. வீட்டுக்கு வந்தால் பலகையிலும் பழைய கோதுமைச் சாக்கிலும் வரைவார். எங்கள் சமையலறையில் குழம்பு வாசனையைவிட டர்பன்டைன் வாசனைதான் தூக்கலாக இருக்கும் என்று அம்மா சொல்லுவாள். ஆனால் அவர் வரைந்து முடித்த படத்தை முதலில் வந்து பார்ப்பவளும் அவள்தான்.

இந்தச் சித்தப்பா கிள்ளானில் ஒரு பெண்ணைக் கல்யாணம் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். அந்தப் பெண்ணின் தகப்பனார் துறைமுகத்தில் பெரிய கிராணி, அப்பாவுக்கு ஊர்க்காரர். தீபாவளி, பொங்கல் என்றால் போக்குவரத்து உண்டு. நான் அந்தப் பெண்ணைக் கிள்ளான் அக்கா என்று கூப்பிடுவேன். எனக்குத் தலை வாரிவிடுவாள். ஏதாவது கவனமாகச் செய்யும்போது கீழுதட்டை உள்ளே மடித்துக்கொள்வாள். அப்பா போய்ப் பெண் கேட்டபோது கிராணியார் சொன்ன பதில் எங்கள் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவிவிட்டது.

"வண்டிக்கு நம்பர் எழுதுறவனுக்கு எம் பொண்ணா? நாளைக்கு அவ நெத்தியிலயும் நம்பர் எழுதிருவான்."

 சித்தப்பா மூன்று நாள் சோறு குறைவாகச் சாப்பிட்டார்.

அடுத்த வருடம் பொங்கலை ஒட்டிக் கிள்ளானில் ஒரு சங்கத்து மண்டபத்தில் சித்திரக் காட்சி வைத்தார்கள். தமிழர்கள் கையால் செய்த படம், பூத்தையல், மண்பொம்மை எல்லாம் கொண்டுவந்து வைக்கலாம், நல்லதுக்குப் பரிசு. கமிட்டியில் பெரிய தலை நம் கிராணியார்தான். படத்தில் பேர் எழுதக்கூடாது, ஒரு நம்பர் சீட்டு மட்டும் ஒட்டுவார்கள். பரிசு சொல்லும்போதுதான் இன்னார் என்று தெரியும். சித்தப்பா இதைக் கேட்டுவிட்டு அன்றைக்கே பலகையை எடுத்து வைத்தார். ஆள் தெரியாமல் அந்த மனுஷன் வாயாலேயே என் கைவேலையைப் புகழட்டும், அப்புறம் பேரைச் சொல்வோம் என்பது அவர் கணக்கு. இதை அவர் அம்மாவிடம் சொன்னதை அடுப்புக்குப் பின்னால் இருந்து நானும் கேட்டேன். அவருக்கு வேறு வழி ஒன்றும் இல்லை.

விளக்கு ஏற்றுகிற ஒரு பெண்ணை வரைந்தார். முகம் பாதி திரும்பியிருக்கும். பொட்டு இல்லை, தலையில் பூ இல்லை. அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பொம்பளப் புள்ளைய ஏன் மூளியா வரைஞ்சிருக்கீங்க?"

"அது அப்படித்தான் அண்ணி. வெளிச்சம் முகத்துல மட்டும் விழணும்."

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். கீழுதடு உள்ளே மடிந்திருந்தது. "இது கிள்ளான்…" என்று வாயைத் திறந்தேன். சித்தப்பா என் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே தூக்கிக்கொண்டு போய், ஒரு பொட்டலம் கச்சான்பூத்தே, வறுத்த கடலை, வாங்கிக் கொடுத்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவள் நான், அப்போதும் சரி இப்போதும் சரி.

காட்சி நாளன்று கோயிலுக்குப் போய்விட்டு, அப்படியே ரயிலேறிக் கிள்ளான் போனோம். அப்பாவுக்கு வேலை, அம்மாவும் சித்தப்பாவும் நானும்தான். கோயிலில் கொடுத்த குங்குமப் பொட்டலத்தை என் பாவாடை இடுப்பில் செருகியிருந்தேன். அம்மா என் பின்னலில் ஒரு முழம் மல்லிகை வைத்திருந்தாள்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். தோட்டத்து ஜனங்கள்கூட லோரியில் வந்து இறங்கியிருந்தார்கள். அம்மா பூத்தையல் இருக்கிற பக்கம் பெண்களோடு போய்விட்டாள். சித்தப்பா என்னைப் பிடித்துக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார்.  கிராணியார் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படமாகப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டே வந்தார். விளக்கேற்றும் பெண்ணிடம் வந்ததும் நின்றார். நின்றவர் நகரவில்லை.

"மகாலட்சுமி மாதிரி இருக்கா. எங்கயோ பாத்த முகமா இருக்கு" என்றார்.

கூட இருந்த கமிட்டிக்காரர், "அப்ப முதல் பரிசு இதுக்குத்தானா?" என்று கேட்டார்.

"பின்ன அந்தச் சப்பை யானைப் படத்துக்கா? இது கைய்யா, கை. வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து சொல்லிருவோம்."

பெற்ற மகள் அது. இருபது வருடம் கண் முன்னால் வளர்ந்தவள். அவருக்குத் தெரியவில்லை. சித்தப்பா மூச்சை விட்டார். "இங்கயே உக்காரு. சர்பத் வாங்கியாறேன். அசையாத" என்று என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வெளியே போனார்.

நாற்காலி படத்துக்கு நேர் கீழே இருந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் சுவரில் நாலு படம் உண்டு: பிள்ளையார், முருகன், லட்சுமி, அப்பாவைப் பெற்ற தாத்தா. வெள்ளிக்கிழமை தோறும் துடைத்துப் பொட்டு வைத்துப் பூப்போடுவது என் வேலை. ஒரு பொட்டு கோணலாகப் போகாது. அப்படிப்பட்டவள் கண் முன்னால், முதல் பரிசு வாங்கப்போகிற படம் வெறும் நெற்றியோடு நிற்கிறது. அம்மா சொன்ன 'மூளி' என் காதிலேயே இருந்தது. சித்தப்பா அவசரத்தில் விட்டுவிட்டார், நான் இல்லாவிட்டால் யார் செய்வது என்று நினைத்தேன்.

நாற்காலி மேல் ஏறினேன். பெயிண்ட் முழுக்கக் காயவில்லை. குங்குமம் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. நடு நெற்றி. பின்னலிலிருந்த மல்லிகையை அவிழ்த்து, சட்டத்தின் இரண்டு மூலையிலும் மாட்டித் தொங்கவிட்டேன். இறங்கி நின்று பார்த்தேன். கிள்ளான் அக்கா அப்படியே இருந்தாள், தீபாவளியன்று பலகாரத் தட்டோடு வருகிற மாதிரி.

முதலில் ஒரு பாட்டி வந்தாள். படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் கிள்ளான்காரப் பெண்கள் இரண்டு பேர் வந்தார்கள்.

"ஏய், இது கிராணியார் வீட்டுப் புள்ள இல்ல?"

"ஆமா லா. அதே மூக்கு. ஏன் பூப் போட்டு மாட்டிருக்காங்க?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மனுஷர் படத்துக்குப் பூப் போட்டுப் பொட்டு வைத்தால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து நாலு பேர் கூடினார்கள். யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அந்த நேரம் பார்த்துக் கிராணியார் மீசையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். முந்தானையை வாயில் வைத்திருந்தவள் அவர் எதிரே போய் நின்றாள்.

"இப்படி ஆயிப்போச்சேய்யா. போன வாரம்கூட பசார்ல மீன் வாங்கிட்டு நின்னுச்சே."

"எப்படி ஆயிப்போச்சு? யாரு நின்னா?"

அவள் படத்தைக் காட்டினாள். கிராணியார் நிமிர்ந்து பார்த்தார். பொட்டும் பூவுமாக, தினமும் காலையில் காப்பி கொண்டுவந்து வைக்கிற முகம். இப்போது தெரிந்துவிட்டது.

"இது எம் பொண்ணுடா" என்று அவர் போட்ட சத்தத்தில் மண்டபமே அடங்கிவிட்டது. "உசுரோட இருக்கிற புள்ளைக்கு எவன்டா பூப் போட்டது?"

நான் கையைத் தூக்கினேன். "நாந்தான் தாத்தா. மூளியா இருந்தாங்க."

யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். கிராணியார் நம்பர் சீட்டைப் பிடுங்கினார். கமிட்டிக்காரர் நோட்டைப் பிரித்துப் பேரைப் படித்தார். சரியாக அப்போது சித்தப்பா கையில் சர்பத் கிளாசோடு வாசலில் நின்றார்.

"நீயா?"

"ஆமாங்க."

"யாரைக் கேட்டு வரைஞ்ச?"

சித்தப்பா கிளாசைக் கீழே வைக்கக்கூட இடம் தெரியாமல் நின்றார். "யாரையும் கேக்கலைங்க. கேட்டதுக்குத்தான் போன வருஷமே இல்லைன்னுட்டீங்களே."

கிராணியார் படத்தை இன்னொரு தரம் பார்த்தார். பக்கத்தில் கமிட்டிக்காரர் மெதுவாக, "நீங்கதானே மகாலட்சுமின்னீங்க" என்றார். கிராணியார் பார்த்த பார்வையிலேயே அவர் நோட்டை மூடிவிட்டார். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி, தரதரவென்று இழுத்துப் போனாள். பரிசும் இல்லை, சர்பத்தும் இல்லை. ரயிலில் அம்மா அழுதாள். சித்தப்பாவின் வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டதாகச் சொன்னாள். சித்தப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "விடுங்க அண்ணி. புள்ள சரியா நடு நெத்தியிலதான் வச்சிருக்கா" என்றார். 

பத்து நாள் கழித்துக் கிராணியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே அவர் சம்சாரம், கையில் துணி மூடிய தட்டு. என்னைப் போலீசில் பிடித்துக்கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டேன். அங்கிருந்து அவர் பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

"அத்தனை சனத்துக்கு மத்தியில நானே கத்திச் சொல்லிட்டேன், எம் பொண்ணுன்னு. இனிமே வேற எவன் வந்து கேப்பான்?"

அப்பா என்னவோ சமாதானம் சொன்னார்.

"அவகிட்டயும் கேட்டுட்டேன். இப்படி நம்பர் எழுதுறவன் வீட்டுக்குப் போறியான்னு. ஒண்ணும் பேசல. எந்திரிச்சு அடுப்படிக்குப் போனா. கொஞ்ச நேரத்துல பாயாசம் கொண்டாந்து வைக்கிறா. அன்னிக்கு என்ன விசேஷம், ஒண்ணுமில்ல."

பெரியவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பாயாசத்தில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. தட்டு கை மாறியது. பூட்ஸ் வெளியே போனது. என்னை யாரும் கூப்பிடவில்லை.

வைகாசியில் கிள்ளான் அக்கா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். இனிமேல் சித்தி என்று கூப்பிட வேண்டும் என்றார்கள். வந்த அன்றைக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. நான் செய்த தப்புக்குத்தான் தண்டனையாக இவளை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். மாடி வைத்த வீட்டில் இருந்தவள், என்னால் குவார்ட்டர்ஸில் பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. அதனால் விடிந்ததும் எழுந்து, எனக்குத் தூக்க முடிந்த சின்னக் குடத்தில் அவளுக்காக நான் தண்ணீர் பிடித்து வைத்தேன். என் பங்கு அப்பளத்தை அவள் தட்டில் போட்டேன். அவள் ஆச்சரியமாகப் பார்ப்பாள். ஒரு மாதம் இப்படி நடந்தது. அதற்கு மேல் தாங்கவில்லை. ஒருநாள் மத்தியானம் அவள் அரிசி புடைக்கும்போது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் பூ வச்சதாலதானே உங்கள இங்க கொண்டாந்து விட்டுட்டாங்க?"

முறத்தைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கிற்று. அவள் அவ்வளவு அழுது நான் பார்த்ததில்லை. இதற்கு மேல் என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், நான் எழுந்து போய் அவளுக்காக இன்னொரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.