ஐம்பது ஐம்பதாகப் போன கடிதம்

முகத்துவாரம் மணல் தூர்ந்து, ஏரித் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் மடவை மீன் செத்து மிதந்ததே, அதற்கு அடுத்த கோடை அது. அந்த நாற்றம் ஐப்பசி மழை வரும்வரை போகவில்லை. வீட்டில் குழம்பு கொதித்தாலும் அதே வாடைதான் என்பாள் என் மனைவி. அது கிடக்கட்டும்.

முகத்துவாரத்தை ஒட்டி ஒரு கம்பெனி கல் கொட்டிச் சுவர் எழுப்பப் போவதாகத் தெரிந்தது. நாங்கள் கழி ஊன்றி வலை கட்டுவது அங்கேதான். ஆள் அதிகம், இடம் கொஞ்சம். அதனால் இன்று ஒரு கூட்டம், நாளை இன்னொரு கூட்டம் என்று முறை வைத்து இறங்குவோம். அந்த முறைக்குப் பாடு என்று பேர். சுவர் வந்தால் வலை கட்ட இடமே இருக்காது.

ஆட்சேபம் இருந்தால் கெடுவுக்குள் ஈமெயிலில் அனுப்பலாம் என்று சர்க்காரில் சொன்னார்கள். என் மகள் மீஞ்சூரில் ரயில் ஏறி மெட்ராஸுக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவள். வாடகை சர்வரில் மெயில் அனுப்ப ஒரு புரோகிராம் எழுதிப் போட்டுவிட்டு, ஊர்க்கூட்டத்துக்கு லேப்டாப்போடு வந்தாள்.

“அவங்கவங்க கஷ்டத்த சொல்லுங்க, டைப் பண்றேன். ஐம்பது ஐம்பதா தானா போவும்.”

“ஏன், ஒரேடியா போவாதா?” என்றார் ஊர்த் தலைவர்.

“மொத்தமா போனா குப்பைன்னு தடுத்துடும். ஐம்பது போயி, கொஞ்சம் நின்னு, அப்பால அடுத்த ஐம்பது.”

“இன்னா பாப்பா, மெயிலுக்கும் பாடு போட்டுட்டியா?” என்றான் என் மச்சான். எல்லோரும் சிரித்தோம்.

தலைவர் சிரிக்கவில்லை. “ஆளாளுக்கு ஒண்ணு சொல்றதுக்கு இது இன்னா மீன் ஏலமா? வெளியாளுன்னு வந்தா ஊருக்கு ஒரே பேச்சு. ஒரே லெட்டரா அடிச்சி, கீழ அவங்கவங்க பேர மட்டும் மாத்திப் போடு.”

மகள் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னாள். வெளியாளிடம் இரண்டு பேச்சு பேசினால் எங்கள் ஊரில் அபராதம். அதனால்தான் இத்தனை காலம் எங்களை யாராலும் பிரிக்க முடியவில்லை. தலைவர் சொன்னதுதான் எல்லோருக்கும் சரியாகப் பட்டது.

மறுநாள் டீக்கடையில் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

“என்னுது போயிட்சா?” என்றான் மச்சான்.

“அடுத்த பேட்ச்சுல மாமா.”

“தலைவருது போயிட்சாமே! இதுலயும் அவருக்குத்தான் மொத பாடா?”

எல்லாம் போய்ச் சேர்ந்தன. மழைக்கு முன்னால் பதில் வந்தது. மகள் படித்துச் சொன்னாள்.

“எல்லாம் ஒரே மாதிரி இருக்குதாம் நைனா. மொத்தத்தையும் ஒரே ஆட்சேபமா எடுத்துக்கினாங்களாம்.”

“பேரு வேற வேறயா கீதே?”

“அத யாரு பாத்தாங்க?”

ஒவ்வொருவர் கஷ்டத்தையும் தனித்தனியாக எழுதி மறுபடி அனுப்பினாள். கெடு முடிந்துவிட்டது என்று ஒரு வரி பதில் வந்தது. போன வாரம் என் முறைக்கு இறங்கினேன். கழி ஊன்றும் இடத்தில் காலில் கருங்கல் இடித்தது.

ஏரிக்கு வடக்கே இருக்கும் குப்பங்களிலும் அளக்க வந்திருக்கிறார்களாம். அங்கே உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால், அவரவர் கஷ்டத்தை அவரவர் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதினாலும் கல் கொட்டுவது நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் சொல்லிவிடுங்கள்.