குதிரை நின்ற வாசல்

யுத்தம் தொடங்கிக் காகிதத்துக்குத் தட்டுப்பாடு வந்த சமயம். சேலத்துக்கு மேற்கே, இளம்பிள்ளைக்குப் பக்கத்தில் நெசவுக்காரர்கள் இருக்கும் ஒரு தெருவில் எனக்கு நடந்தது இது.

நான் நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓட்டலில் எச்சில் இலை எடுத்தேன், நாடகக் கம்பெனியில் திரை இழுத்தேன், பள்ளிபாளையத்துப் பரிசல் துறையில் மூட்டை தூக்கினேன். ஓரிடத்தில் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். அப்படித் திரிந்த காலத்தில்தான் துப்பறியும் கதை எழுத ஆரம்பித்தேன். சேலத்தில் காலால் மிதித்து ஓட்டும் ஒரே ஒரு மிஷின் வைத்திருந்த அச்சுக்கூடக்காரர் அதைப் பதினாறு பக்கப் புத்தகமாகப் போட்டுத் தருவார். நானே சந்தை சந்தையாகத் தூக்கிக்கொண்டு போய் விற்பேன். அட்டையில் இருந்தது வேறு பெயர் என்பதால் எழுதியவன் நான்தான் என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியாது.

என் கதைகளில் கொலை கிடையாது. சேவல் காணாமல் போகும், ஊறுகாய் ஜாடி காணாமல் போகும், ஒரு தடவை மாப்பிள்ளையின் செருப்பு காணாமல் போனது. கண்டுபிடிப்பவர் தொந்தி பெருத்த ஒரு ஜட்கா வண்டிக்காரர். உண்மையில் கண்டுபிடிப்பது அவருடைய குதிரை. போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் எங்கேயாவது முரண்டு பிடித்து நின்றுவிடும். இவர் இறங்கித் திட்டிக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தால் துப்பு கிடைக்கும். புதுச்சத்திரம் சந்தையில் ஒருவர் என்னிடம், "ஏனுங்க, அந்தக் குதிரைக்கு என்ன வயசு இருக்குமுங்க?" என்று கேட்டார். விலைக்குக் கேட்கிற எண்ணமோ என்னவோ.

எழுத எழுத ஒரு தந்திரம் பிடிபட்டது. யார் மேல் சந்தேகமே வரக்கூடாதோ அவர் மேல்தான் முதலில் சந்தேகத்தைத் திருப்ப வேண்டும். அந்த ஆள் நல்லவராக இருக்க வேண்டும், கேட்டதும் மனதில் நிற்கிற அடையாளமும் இருக்க வேண்டும். ஏழாவது கதைக்கு அப்படி ஓர் ஆள் தேவைப்பட்டபோது ஒரு சாயக்காரர் ஞாபகத்துக்கு வந்தார்.

அதற்கு முந்தின வருஷம் காய்ச்சலோடு நடந்து போனவன் அந்த நெசவுத் தெருவில் அவருடைய சாயக்கொட்டகை ஓரத்தில் விழுந்துவிட்டேன். அவரும் அவர் சம்சாரமும் நாலு நாள் என்னைப் படுக்க வைத்துக் கம்பங்கூழ் ஊற்றினார்கள். அந்தத் தெருக்காரர்கள் வெள்ளை நூலை அவரிடம் கொடுப்பார்கள், அவர் நீலம் தோய்த்துத் திருப்பித் தருவார். முழங்கை வரைக்கும் இரண்டு கையும் நீலமாக இருக்கும். இடது காதில் பாதி மடல் இல்லை. காலையில் சாயத் தாழியைத் திறக்கும்போது, "கோவமா இருக்கறயா தாயி?" என்று அதனிடம் விசாரித்துவிட்டுத்தான் நூலை இறக்குவார்.

கையையும் காதையும் தாழியிடம் பேசுவதையும் ஒன்று விடாமல் கதையில் வைத்துவிட்டேன். கதையில் ஊர்ப் பெரியவர் வீட்டுப் பட்டுச் சேலை காணாமல் போகிறது. குதிரை சாயக்காரர் வாசலில் நிற்கிறது, இழுத்தாலும் நகரவில்லை. மீதி அடுத்த புத்தகத்தில்.

அடுத்த புத்தகம் வரவில்லை. காகிதம் இல்லை என்றார் அச்சுக்கூடக்காரர். கோத்து வைத்திருந்த எழுத்தையும் ஒரு கல்யாணப் பத்திரிகைக்காகப் பிரித்துவிட்டார். சரி என்று நான் நாமக்கல் பக்கம் கடலைக்காய் பிடுங்கப் போய்விட்டேன். ஐந்து மாதம் கழித்து அந்த வழியாகத் திரும்பியபோது, கூழ் ஊற்றியவர்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தெருவுக்குள் நுழைந்தேன்.

தாழிகள் கவிழ்ந்து கிடந்தன. அந்த அம்மா என்னை அடையாளம் கண்டு உட்காரச் சொல்லி, கேட்காமலே கூழ் கரைத்துக் கொடுத்தார்.

"அவிய இல்லீங்களா?"

"ரோட்டுக்கு ஜல்லி ஒடைக்கப் போயிருக்கறாங்க. இப்பல்லாம் அதுதானுங்க பொழப்பு."

பிறகு காரணம் சொன்னார். அந்தத் தெருவில் எழுத்துத் தெரிந்த ஒருவர் கதை வாசிப்பார், மற்றவர்கள் தறியை மிதித்துக்கொண்டே கேட்பார்கள். என் ஏழாவது கதையைக் கேட்ட நாளில் எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து, "என்னங்க, குதிரை வந்துச்சுங்களா?" என்று அவரைக் கிண்டல் செய்தார்கள். அவரும் சிரித்தார். அப்புறம் ஒரு வீட்டில் விளையாட்டாக நூலை நிறுத்துக் கொடுத்தார்கள். சாயக்காரர் முன்னால் நூலை நிறுப்பது அந்தத் தெருவில் வழக்கமே இல்லை. திரும்பி வந்ததையும் நிறுத்தார்கள். எடை குறைந்திருந்தது. அடுத்த வீட்டிலும் நிறுத்தார்கள், அங்கேயும் குறைந்திருந்தது. அதற்கப்புறம் யாரும் கிண்டல் செய்யவில்லை. நூலும் கொடுக்கவில்லை, சேலத்துக்கு அனுப்பினார்கள்.

"எவனோ கதை எழுதுனானாம். அவன் ஊட்டு அடுப்பு எரியுதோ என்னமோ, எங்க ஊட்டுது அணைஞ்சு போச்சுங்க" என்றார்.

பாதிக் கூழ் கலயத்தில் இருந்தது. எழுந்து போகத் தைரியம் இல்லை, குடிக்கவும் முடியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அவர் வந்தார். முதலில் நான் பார்த்தது கையைத்தான். நீலம் வெளுத்து, நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்தக் கதையை எழுதியவன் நான்தான் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். சாயக்காரர், "அப்ப அந்தச் சேலைய எடுத்தது யாருங்க?" என்று கேட்டார்.

ஐந்து மாதமாக அது அவருக்கும் தெரியாமலே இருந்திருக்கிறது. நான் மீதிக் கதையைச் சொன்னேன். பெரியவரின் மாமியார் அவசரத்துக்குக் கையில் கிடைத்த சேலையில் பேரனுக்குத் தொட்டில் கட்டிவிட்டார். பிள்ளை எழுந்துகொள்ளும் என்று யாரும் தொட்டில் பக்கம் போகவில்லை. சாயக்காரர் சம்சாரம் தினமும் ஒரு கை கொள்ளு வைப்பதால்தான் குதிரை அந்த வாசலில் நின்றது.

அவர் சிரித்துவிட்டார். உள்ளேயிருந்து, "சிரிக்கறதப் பாரு" என்று குரல் வந்தது.

"நூல் எப்படீங்க கொறைஞ்சது?" என்று கேட்டேன்.

"கொறையாம என்னங்க பண்ணும்? உவர்மண்ணுத் தண்ணீல வேக வச்சாத்தான் சாயம் புடிக்கும். வேகறப்ப பஞ்சுல இருக்கற பிசுக்கு போயிருமில்லீங்களா?"

"இதை அவங்ககிட்டச் சொல்லக் கூடாதுங்களா?"

"அவங்க கேக்கலீங்களே. நிறுத்தாங்க."

மறுநாள் காலை தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட எல்லா வீட்டாரும் கூடியிருந்தார்கள். நான்தான் அந்தக் கதையை எழுதியவன் என்று சொல்லி மீதியையும் சொன்னேன். தொட்டில் என்றதும் நன்றாகச் சிரித்தார்கள். ஒரு பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை.

"அது உங்க கதைங்க. எங்க ஊட்டு நூலும் தொட்டில்லயா கெடக்குது?"

"கதைக்கு முன்னால எப்பவாச்சும் நிறுத்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப முன்னாலயும் இதேதான் கொறைஞ்சுதோ என்னவோ, யாருக்குத் தெரியும்?"

அந்தப் பெண்மணி வீட்டு வெள்ளை நூலிலேயே இரண்டு சிட்டம் கேட்டு வாங்கி, எல்லோர் முன்னாலும் நிறுத்து, அவர் வாசலிலேயே அடுப்பு மூட்டி வேகவைத்தோம். சாயக்காரர் வரவில்லை. எப்படி வேகவைப்பது என்று சொல்லிக் கொடுத்தவர் அவர் சம்சாரம்தான். கொடியில் போட்டு, நன்றாகக் காய்ந்ததும் மறுநாள் நிறுத்தபோது நூல் வைத்த தட்டு மேலே எழும்பியது. அந்தப் பெண்மணி சிட்டத்தை எடுத்து உதறிப் பார்த்தார், மறுபடியும் வைத்தார், தட்டு அப்படியேதான் நின்றது. அவர் தராசைக் கையில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது இடுப்பில் ஒரு கட்டு நூல் இருந்தது. நேரே சாயக்கொட்டகைக்கு நடந்தார்.

எல்லா வீடும் அப்படி வந்துவிடவில்லை. மூன்று நான்கு வீட்டார் கடைசி வரைக்கும் சேலத்திலேயே சாயம் போட்டுக்கொண்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். இருந்தாலும் தாழிகள் நிமிர்ந்தன. நான் கிளம்பும்போது சாயக்காரர், "அடுத்த கதைல குதிரைய வேற ஊருக்கு ஓட்டிட்டுப் போயிருங்க சாமி" என்றார். "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு வந்தவன், வெட்கத்தில் அந்தத் தெருப்பக்கம் வெகுநாள் போகவில்லை.

காகிதம் மறுபடி கிடைக்க ஆரம்பித்த பிறகு இன்னும் பதினொரு கதை எழுதினேன். யார் மேல் சந்தேகம் விழுந்தாலும் அதே புத்தகத்தில் அதைத் தீர்த்து வைத்துவிடுவேன். அடுத்ததை வாங்க ஆள் வராது என்று அச்சுக்கூடக்காரர் சண்டை போட்டார், அவர் சொன்னதும் சரியாகத்தான் போயிற்று. ஆனால் 'அவர் மேல் எல்லோருக்கும் சந்தேகம் வந்தது' என்று எழுத உட்காரும்போதெல்லாம், நீலம் வெளுத்த அந்தக் கை இரண்டும் காகிதத்தின் மேல் வந்து நிற்கிறது, அவை மறுபடி நீலமாகும் வரைக்கும் என்னால் பேனாவைக் கீழே வைக்க முடிவதில்லை.