வடக்குப் பக்கத்துக் கண்ணாடி ஜன்னல்

மலாக்கா காஜா பெராங்கில் கனி முதலாளியின் போட்டோ ஸ்டூடியோவில் நான் படம் பிடிக்கும் ஆபரேட்டர். நாடு சுதந்திரம் பெற்ற வருடம் அது. குடியுரிமைக்கு மனுப் போட எல்லோரும் படம் எடுக்க வந்தார்கள். சித்திரை முடியும் நேரம், புக்கிட் ரம்பாய் எஸ்டேட்டிலிருந்து பேச்சாயி அக்கா இரண்டாம் தடவையாக வந்து நின்றார்.

“பாதி மூஞ்சி வெள்ளக்காரன், பாதி மூஞ்சி கரிக்கட்டன்னு எஸ்டேட் ஆபீசு கிராணி படத்தைத் திருப்பிட்டாரு தம்பி. நாளைக்குள்ள குடுக்கணுமாம். இனிமே வேலைக்கு மட்டம் போட்டா மேல்பாக்குற மண்டோரு விடமாட்டாரு.”

எனக்கு மானமே போயிற்று. இந்த அம்மாவை மூன்றாம் தடவை அலைய விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

வடக்கு ஜன்னலில் வெயில் நுழையாது, முகத்தில் வெளிச்சம் சமமாக விழும் என்றது முதலாளியின் இங்கிலீஷ் புத்தகம். அதை நம்பித் தைப்பூசச் சமயத்தில் வடக்குச் சுவரை இடித்துப் பெரிய கண்ணாடி வைத்தோம். முதலில் ராஜ வெளிச்சம். சித்திரை பிறந்ததும் வெயில் நேராக உள்ளே வந்து பாதி முகத்தில் அடித்தது. திரை போட்டால் இருட்டு, எடுத்தால் வெயில்.

வாசலுக்குப் போய் மத்தியான வெயிலில் நின்றேன். என் நிழல் தெற்கே விழுந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த பூகோளம் அப்போதுதான் உறைத்தது.

“முதலாளி, பூமி சாஞ்சபடியே சூரியனைச் சுத்துது. புத்தகம் எழுதுனவரு ஊரு ரொம்ப வடக்க. அங்க மத்தியானச் சூரியன் எப்பவும் தெக்கதான். நாம பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கோம். பாதி வருசம் தெக்க, பாதி வருசம் வடக்க. இப்ப வடக்க வந்துருச்சு.”

“அப்ப இந்தக் கண்ணாடிய என்ன செய்றது லா?”

“புரட்டாசிக்கு அப்புறம் மறுபடியும் உதவும். இப்பப் பின்கதவத் திறங்க.”

பின்கதவு தெற்கே, குசினிப் பக்கம்.

“குசினியிலயா படம் புடிப்பே? பாக்குறவன் சிரிப்பான்!”

“சிரிக்கட்டும் முதலாளி.”

சட்டி பானைகளை ஒதுக்கினேன். வெள்ளைத் துணியைப் பின்னால் கட்டி, அக்காவைக் கதவைப் பார்த்து உட்கார வைத்தேன். வெளிச்சம் இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி விழுந்தது. அன்றைக்கே பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்தேன்.

அந்த மாதமே தெற்குச் சுவரிலும் ஜன்னல் வைத்தோம். புத்தகத்தில் வெளிச்சம் கிடைக்கும் நேரத்துக்குக் குளிர்காலப் பகலில் ஒரு கணக்கு, கோடையில் ஒரு கணக்கு என்றிருந்த பக்கங்களையும் ஒதுக்கிவிட்டேன். மலாக்காவில் பகல் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே நீளம்தான்.

மெர்டேக்கா சுதந்திர நாள் கழிந்து அக்கா வந்தார். கையில் குடியுரிமைப் பத்திரம். “குசினியில புடிச்ச படம்னு யாருக்கும் சொல்லல தம்பி” என்று சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் புத்தகம் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அதை எழுதியவர் எந்த ஊர் வெயிலில் நின்று எழுதினார் என்று முதலில் கேளுங்கள்.