ஊதாத விசில்

டிரைவர் அண்ணன் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வெறுங்காலால்தான் வண்டி ஓட்டுவார். கிளச்சின் மேல் இருக்கும் அந்த இடது கால் மெல்ல எழும்புவதை, நான் கிளீனராக முன்னால் நின்ற நாட்களில் பார்த்துக்கொண்டே இருப்பேன். வண்டி நகர்வதற்கு முன்பே அந்தக் காலுக்கு நகரப்போவது தெரிந்துவிடும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கிளீனராகச் சேர்ந்து, கண்டக்டராகி, இன்று என் சொந்தப் பேருந்துகள் ஓடுகின்றன. யாரும் தூக்கிவிடவில்லை, நானாக ஏறியது. இருந்தாலும் மனுஷ மூளை எப்படி வேலை செய்கிறது என்ற ஒரு விஷயத்தை மட்டும் அந்த வெறுங்காலிடம்தான் கற்றேன்.

காரைக்குடி கல்லல் வழித்தடத்தில் ஓடிய தனியார் பேருந்து அது. எழுபதுகளின் தொடக்கம். எங்கள் வண்டியில் ஒரு வழக்கம் இருந்தது. ஆள் இறங்கி, மூட்டை இறங்கி முடிந்ததும், கண்டக்டரான நான் பின்படியில் நின்றபடி வண்டியின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவேன். உடனே விசில். தொம் தொம், பீப். வருஷக்கணக்காக இதே வரிசை. முன்னால் எத்தனை இரைச்சல் இருந்தாலும் அண்ணனுக்கு இது எட்டிவிடும். எங்கள் வண்டி அளவுக்கு நிறுத்தத்தில் சுறுசுறுப்பாகக் கிளம்பிய வண்டி அந்தப் பக்கத்திலேயே கிடையாது. அதில் பாதிப் பெருமை என் கைக்கு உண்டு.

ஒருநாள் கல்லலுக்கு முந்தின நிறுத்தத்தில் ஓர் அம்மா இறங்கினார். மகளைப் பார்க்கப் போகிறவர். சாக்குப்பைக்குள் முழுப் பலாப்பழம். ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலும் இருக்கும்போது வண்டி நகர்ந்துவிட்டது. அந்த அம்மா குப்புற விழுந்து மணிக்கட்டு ஒடிந்துபோயிற்று. “இறங்குறதுக்குள்ள என்னப்பா அவசரம் ஒங்களுக்கு?” என்று அழுதுகொண்டே கேட்டார். நான் விசில் ஊதவில்லை. அது என் சட்டைப்பைக்குள் கிடந்தது.

அன்று சாயங்காலமே நேமத்தான்பட்டியில் முதலாளி வீட்டு முகப்பில் விசாரணை. டிரைவர் அண்ணன் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: “விசில் கேட்டுச்சு முதலாளி. கேக்காம நான் காலை எடுக்க மாட்டேன்.” நான் ஊதவே இல்லை என்றேன். கூட வந்திருந்த பயணிகளிலும் பாதிப்பேர் கேட்டது என்றார்கள், பாதிப்பேர் கேட்கவில்லை என்றார்கள். முதலாளி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேர்ல ஒருத்தன் பொய் சொல்றான். டிரைவர் இத்தனை காலமா எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. நீ நேத்துப் பய. நாளைக்கு வர வேணாம்.”

எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. வேலை போனால் மாமனார் வயலில் மண்வெட்டி தூக்க வேண்டும். ஆனால் வேலையைவிட என்னை அரித்தது வேறு. அண்ணன் பொய் சொல்கிற ஆள் இல்லை என்பது முதலாளியைவிட எனக்கு நன்றாகத் தெரியும். நானும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் அந்த விசில் எங்கிருந்து வந்தது? படித்தவனாக இருந்தால் அங்கேயே குழம்பிப்போயிருப்பான். நான் அந்த அம்மா இறங்கியதை மறுபடி மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பலாப்பழப் பை படியோரத் தகரத்தில் இடித்தது. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. தொம் தொம்.

“முதலாளி, நாளைக்கு ஒரே ஒரு ட்ரிப் எங்கூட வாங்க. அதுக்கப்புறம் போகச் சொன்னீகன்னா போயிடுறேன்” என்றேன்.

மறுநாள் அவர் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்படியில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். டிரைவர் அண்ணனுக்குத் தெரியாது. என் விசிலை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். அடுத்த நிறுத்தத்தில் ஆள் இறங்கி, படி காலியானதும் இரண்டு தட்டு தட்டினேன். வண்டி கிளம்பியது. அதற்கடுத்த நிறுத்தத்திலும் தட்டினேன். அப்போதும் கிளம்பியது. முதலாளி எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனார்.

“டிரைவரே, இப்ப விசில் கேட்டுச்சா?”

அண்ணன் திடுக்கிட்டுத் திரும்பினார். “நீகளா! கேட்டுச்சே முதலாளி. அதான் எடுத்தேன்.”

முதலாளி உள்ளங்கையை விரித்துக் காட்டினார். விசில் அதில் இருந்தது.

வண்டிக்குள் சிரிப்பு கிளம்பியது. “அப்ப நேத்து வண்டிய ஓட்டுனது பலாப்பழமாப்பா?” என்று நேற்றும் வண்டியில் இருந்த ஒருவர் கத்தினார். அண்ணன் சிரிக்கவில்லை. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, செருப்பைக்கூடப் போடாமல் இறங்கிப் போய் ஒரு வேப்பமரத்தடியில் நின்றார். நான் பின்னாலேயே ஓடினேன். என் வேலை பிழைத்துவிட்டது, அது அப்போதே தெரிந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது ஜெயித்த மாதிரி இல்லை.

“இன்னமும் காதுக்குள்ள கேக்குதுடா. நீ ஊதலைங்கிற.”

“ஊதலைண்ணே.”

“அப்ப இம்புட்டு நாளா நான் வேற என்னத்தையெல்லாம் கேட்டேன்? எதிர்ல வண்டி வரலைன்னு பாத்தேனே, அது பாத்ததா, நெனச்சதா? நான் இனிமே ஸ்டேரிங்கத் தொட மாட்டேன். வேற ஆளப் பாக்கச் சொல்லு.”

பேருந்தில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவோமே, அதைத்தான் அவர் மூளையும் செய்திருந்தது. தட்டின சத்தம் கேட்டதும், பின்னால் வரப்போகிற விசிலுக்கு முன்கூட்டியே துண்டு போட்டுவிட்டது. காலும் எழும்பிவிட்டது. விசில் வராமலே போனாலும் அது வந்து உட்கார்ந்துவிட்டதாகவே அவருக்குத் தோன்றியது. நாம் கேட்டுவிட்டுச் செய்கிறோம் என்று நினைக்கிறோம். பழகிப்போன காரியத்தில் செய்துவிட்டுத்தான் கேட்கிறோம்.

இதை நான் அன்று இத்தனை அழகாகச் சொல்லவில்லை. “ஒங்க காது மேல தப்பில்லண்ணே, என் தட்டு மேலதான் தப்பு. இனி தட்ட மாட்டேன், வெறும் விசில்தான்” என்றேன்.

அவர் தலையை அசைத்து மறுத்தார். “வேணாம். விட்டா நாளைக்கு இந்தக் காது வேற எதையாச்சும் புடிச்சுக்கிரும். நீ தட்டு. ஆனா எப்பவாச்சும் எங்கிட்டச் சொல்லாம ஊதாம விடு. நான் நகந்தேன்னா மூஞ்சிக்கு நேராச் சொல்லு.”

அதன்பிறகு படியில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அவரை ஏமாற்றுவது என் வேலையில் ஒரு பகுதியானது. தொடக்கத்தில் நகர்ந்துவிடுவார். நான் கத்துவேன். நிறுத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார். பிறகு ரொம்பத் தயங்கினார். “என்னப்பா, இங்கேயே குடியிருக்கப் போறீகளா?” என்று பயணிகள் திட்டினார்கள். மெல்ல மெல்ல தட்டுக்கும் காலுக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டானது. வெளியாளுக்குத் தெரியாத அளவு சின்னது. அதற்குள் நிஜமான ஒரு விசில் மட்டும் நுழையலாம்.

எழுபதுகளின் முடிவில் அவர் வேலையை விட்டு விவசாயத்துக்குப் போனார். கடைசி நாள் காலை, கல்லலில் நல்ல கூட்டம். எல்லோரையும் ஏற்றிவிட்டுத் தட்டினேன். வண்டி நகரவில்லை. அடுத்த டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே காத்திருந்தேன். அப்போதும் நகரவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“அண்ணே, கெளம்புங்க! ஊதி எம்புட்டு நேரமாச்சு!”

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தார். “ஊதலடா.”

“ஊதுனேண்ணே! சத்தியமா ஊதுனேன்.”

படியில் நின்ற பெண்பிள்ளை ஒன்று சிரித்துக்கொண்டே என் சட்டைப்பையைக் காட்டியது. விசில் உள்ளே இருந்தது.

“இப்ப ஊது” என்றார் டிரைவர் அண்ணன். “கேட்டுட்டு எடுக்குறேன்.”