காற்றுமானிக்கு ஒரு முழம் செவந்தி

பெங்களூர் மர்பி டவுனில் சரளாவைத் தெரியாதவர்கள் குறைவு. வாய் அப்படி. தண்ணீர் லாரிக்காரனைக் கன்னடத்தில் திட்ட ஆரம்பித்துத் தமிழில் முடிப்பாள். அவனும் மறுநாள் முதலில் அவள் குடத்தைத்தான் நிரப்புவான். அப்பேர்ப்பட்ட வாயே ஒருமுறை அடைத்துப்போனது.

எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஒரு மேட்டில் இருந்த கண்ணாடி பாட்டில் ஃபேக்டரியில், பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கீறல் பார்ப்பது அவள் வேலை. ஃபேக்டரியை மூடியபோது மற்றவர்கள் போனார்கள், சரளா மட்டும் காவலுக்குத் தங்கிவிட்டாள். இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். போனால் என்ன? அந்த மேட்டில் காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். வீட்டில் அந்தச் சுகம் ஏது? அந்தச் சின்ன அறையில் காற்று என்றால் அவள் புருஷன் ராஜேந்திரன் விடுகிற குறட்டைதான்.

அந்தக் காற்றைத் தேடித்தான் காற்றாலைக் கம்பெனி வந்தது. பழைய ஷெட்டுகளை இடித்துவிட்டு மூன்று காற்றாலை நடுவது திட்டம். அதற்கு முன்னால் ஒரு நெட்டைக் கம்பத்தில், வெவ்வேறு உயரத்தில், மூன்று காற்றுமானிகளைப் பொருத்தினார்கள். காற்றில் சுழன்று அதன் வேகத்தைக் கணக்கெடுக்கிற சின்னக் கிண்ணங்கள்தான் காற்றுமானி. கணக்கு நன்றாக வந்தால் காற்றாலை. வராவிட்டால் இடம் அபார்ட்மென்ட் கட்டுகிறவர்களுக்குப் போகும், சரளா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதை எஞ்சினியர் ஹரிஷ் முதல் நாளே ஒளிக்காமல் சொல்லிவிட்டான். உடுமலைப்பேட்டைப் பையன். பி.ஜி. விடுதிச் சாப்பாட்டில் நாக்கு செத்துப்போய், சரளாவின் புளிச்சோற்றுக்கு அடிமையாகியிருந்தான்.

ஆயுத பூஜை சமயத்தில் கம்பத்தைச் சர்வீசுக்காகத் தரையில் சாய்த்திருந்தார்கள். ஃபேக்டரி ஓடிய காலத்தில் உலை முதல் தராசு வரை பூ வைக்காமல் ஒரு சாமானையும் விட்டதில்லை. சரளா சும்மா இருப்பாளா? மூன்று காற்றுமானிகளின் கழுத்திலும் செவந்திச் சரத்தை இறுக்கிச் சுற்றினாள். ஹரிஷ் பூசணிக்காய் உடைத்தான்.

"அக்கா, நாளைக்குக் கம்பத்தைத் தூக்கறதுக்கு முன்னாடி பூவை எடுத்துருங்க. அது சுத்தணும்."

"தெரியும்பா. நான் என்ன இன்னிக்கா மிஷினைப் பாக்கறேன்?"

மறுநாள் பூவை உருவிப் போட்டாள். கம்பம் நிமிர்ந்தது, கணக்கு படுத்துவிட்டது. பருவம் அப்படி என்று முதலில் சமாதானம் சொன்னார்கள். ஆனி போய் ஆடியும் வந்தது. நீலகிரி மரங்கள் வளைகின்றன, ஷெட்டின் தகரம் பறந்து காம்பவுண்டுக்கு வெளியே போய் விழுகிறது, கணக்கில் மட்டும் காற்றே இல்லை!

"என்னடா அநியாயம் இது? என் சேலை இடுப்புல நிக்க மாட்டேங்குது, காத்து இல்லையாம்!" என்று சரளா குதித்தாள்.

"எனக்கும் புரியலக்கா. ஒண்ணு கெட்டா ஒத்துக்கலாம், மூணும் ஒரே மாதிரி எப்படிக் கெடும்? திங்கக்கிழமை கம்பத்தையே கழட்டச் சொல்லிட்டாங்க."

அன்று பஸ்ஸில் அவள் யாரோடும் சண்டை போடவில்லை. வீட்டிலும் பேச்சில்லை.

"என்னடி, ஊரே அமைதியா இருக்கு?" என்று ராஜேந்திரன் சீண்டினான். அவள் உடைந்து அழவும், பயந்துபோய்த் தானே அடுப்பைப் பற்றவைத்துக் காபி போட்டான்.

ஆடி வெள்ளிக் காலை. அம்மன் படத்திலிருந்த வாடிய பூவைப் பிடித்து இழுத்தாள். பூ கையோடு வந்தது. நூல் ஆணியைச் சுற்றியபடி இறுகி நின்றது. ஆயுத பூஜைக்கு மறுநாளும் காற்றுமானியிலிருந்து பூவைத்தானே உருவினாள், நூலைப் பார்த்தாளா?

"அடிப்பாவி சரளா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சொன்னால் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார்கள். பேசாமலிருந்தால் எவனோ கழற்றும்போது நூலைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் போவான், யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் காற்று என்ன பாவம் செய்தது? ராவும் பகலும் வீசிவிட்டு, வீசவே இல்லை என்று பேர் வாங்குவதா? போனை எடுத்து ஹரிஷைக் கூப்பிட்டு ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

மத்தியானம் கம்பத்தை இறக்கினார்கள். மூன்று கழுத்திலும் நைலான் நூல் அழுக்கேறிக் கெட்டிப்பட்டிருந்தது. ஹரிஷ் பிளேடால் அறுத்தான்.

"தப்பு என்னுதுன்னு ஆபீஸ்ல சொல்லிரு. உன் பேரை இழுக்காதே."

"பூசணிக்கா உடைச்சது யாரு? தூக்கறப்ப நானும்தானே பாக்கல? ரெண்டு பேர் பேரையும் சொல்லிட்டேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்க்கா. ஆனா ஆடி முடியற வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க."

அந்த மாதம் முழுக்க அவள் கம்பத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை. பயம்.

ஆவணியில் ஒருநாள் ஹரிஷ் பைக்கை நிறுத்தாமலே கத்திக்கொண்டு வந்தான்.

"அக்கா! மூணு காத்தாலையும் வருதுக்கா!"

"அப்ப நான்?"

"நீங்க இல்லாம? உண்மையைச் சொன்னவங்களே காவலுக்கு இருக்கட்டும்னு எங்க ஆபீஸ் மேடம் சொல்லிட்டாங்க. ஒரு காத்தாலைக்கு ஆயுசு இருவது வருஷம். அது நிக்கற வரைக்கும் நீங்களும் இங்கதான்."

"இருவது வருஷமா! கிழவி ஆயிருவேனேடா!"

சொல்லிவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். நாற்பத்தாறு வயதில், இந்த இடத்திலேயே கிழவியாகலாம் என்று இப்போதுதான் ஒருவன் வந்து சொல்கிறான். சந்தோஷத்தில் ஓவென்று அழுதாள். காற்று அடித்த அடியில் அது பக்கத்தில் நின்ற ஹரிஷுக்கே கேட்கவில்லை.