தலைத்துண்டுக்குள் கேட்ட வகுப்பு

பெரியநாயகிக்குக் கோபம் வந்தால் பீங்கான் தொழிற்பேட்டை முழுக்கக் கேட்கும். பதினாறு வருஷமாக விருத்தாசலத்தில் ஃப்யூஸ் கட்டை செய்யும் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து வரும், இன்னும் சூளையில் சுடாத பச்சைக் கட்டையின் பிசிறைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்க வேண்டும். பெண்களை ‘வாடி போடி’ என்று கூப்பிட்ட மேஸ்திரி ஒருவனை மூன்று நாள் அந்தப் பக்கமே வரவிடாமல் அடித்தவள் அவள். வாயால்தான்.

புருஷன் மாயவன் கேரளாவில் கட்டட வேலை. ஒரே மகள் சண்முகப்ரியா, பிளஸ் டூ. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி டவுன் பள்ளிக்கூடத்துக்கு வருகிறாள். போன ஆடியில் இவர்கள் தெருப் பெண் ஒருத்தி, பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டு ஒரு பையனோடு திருப்பூருக்குக் கிளம்பிவிட்டாள். அவளைப் பெற்றவளைத் தெருவே கூடி நின்று கிழித்தது. முன்னால் நின்று கிழித்தது பெரியநாயகி. கிழித்துவிட்டு வீட்டுக்கு வந்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்கு நம் வீட்டில் நடந்தால்?

மறுநாளே சட்டம் போட்டாள். மகள் போனைச் சத்தம் வராதபடி பைக்குள் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பத்தரைக்கும் இரண்டரைக்கும் இவள் கூப்பிடுவாள். பேச வேண்டாம், எடுத்து மடியில் வைத்தால் போதும். டீச்சர் குரல் கேட்டதும் இவள் வைத்துவிடுவாள்.

“ஸ்கூல்ல போன் கூடாதும்மா. மாட்டுனா மானம் போயிடும்.”

“போனா போவுது. எடுக்கலன்னா நேரா கிளாசுக்கே வந்துடுவேன், பாத்துக்க.”

வந்துவிடுவாள் என்று மகளுக்கும் தெரியும். வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டாள்.

பட்டன் போனைக் காதோடு வைத்துத் தலைத்துண்டால் இறுக்கிக் கட்டிக்கொள்வாள் பெரியநாயகி. கை கட்டையைத் துடைக்கும், காது பாடம் கேட்கும். ஒரு நிமிஷம் என்றுதான் ஆரம்பித்தாள். போகப்போக அது கால் மணி நேரமானது. பீங்கான் பேட்டையில் மரபணுவைப் பற்றி இவ்வளவு தெரிந்தவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். என்ன கேட்டு என்ன? மறுநாள் பத்தரை ஆனால் மறுபடியும் கை போனைத் தேடும்.

அந்த வியாழக்கிழமை, விலங்கியல் நடத்திக்கொண்டிருந்த பாரதி டீச்சரின் குரல் சட்டென்று நின்றது.

“மடியில என்னா அது? லைன்ல யாரு? எவன் அவன்?”

மகள் எழுந்து நிற்க, பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது.

“நாப்பது புள்ளைங்க படிக்குது, ஒனக்குக் காதல் கேக்குதா? வெளிய போய் நில்லு. வூட்டுலேர்ந்து ஆள் வராம உள்ள வரக்கூடாது. நாளைக்கு பிராக்டிகலும் கெடையாது.”

லைன் அறுந்தது. பெரியநாயகிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. என் பெண்ணைப் பார்த்தா? எவன் அவனாம்! கண்ணால் கண்டாளா? பஞ்சை வாளியில் வீசினாள். கையைக்கூடக் கழுவவில்லை. முழங்கை வரைக்கும் வெள்ளைச் சேறு காய, ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

சண்முகப்ரியா வகுப்புக்கு வெளியே சுவர் ஓரமாக நின்றிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரியநாயகி அதைக் கவனிக்கவில்லை. வாசலில் நின்றபடியே ஆரம்பித்தாள்.

“எவன் எவன்னு கேட்டீங்களே டீச்சர், நல்லா பாத்துக்குங்க. நான்தான் அந்த எவன்! எம்பொண்ண என்னான்னு நெனச்சீங்க? பொட்டப்புள்ள மேல பழி போட ஒங்களுக்கு நாக்கு கூசல?” பட்டன் போனை டீச்சர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “பாருங்க, பத்தரைக்கு நான் பண்ணது. தெனமும் நான்தான் பண்றேன். ரெண்டு வேள!”

வகுப்பு மொத்தமும் எழுந்து எட்டிப் பார்த்தது. பாரதி டீச்சர் போனை வாங்கிப் பார்த்தார். கோபமாகப் பேச வந்தவர், அவள் கையிலிருந்த சேற்றைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தெனமுமா? பாட நேரத்துலயா? என்னாத்துக்கும்மா?”

“கிளாஸ்லதான் இருக்குதான்னு தெரிய வேணாமா? ஊரு கெட்டுக் கெடக்குது.”

“நான் அப்பலேர்ந்து கேக்கறேன். யாருன்னு வாயே தொறக்கல. போன் லாக்கும் எடுத்துத் தரல. அம்மான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போன வாங்கி வச்சிட்டு உள்ள உக்கார வச்சிருப்பேன். இப்ப பாருங்க, இல்லாத பையனுக்குப் பசங்க பேரே வச்சிட்டாங்க.”

பெரியநாயகி மகள் பக்கம் பாய்ந்தாள்.

“ஏண்டி, வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருந்த? ‘எங்கம்மாதான்’னு சொன்னா முத்தா உதிர்ந்துடும்? எவனோ ஒருத்தன்னு ஊரே பேசட்டும்னு நின்னியா?”

சண்முகப்ரியா அழவில்லை. அம்மாவின் அதே கோபம் அவள் முகத்திலும் இருந்தது.

“ஆமாம், பேசட்டும்னுதான் நின்னேன். பெத்த அம்மாவே என்ன நம்பலன்னு இத்தினி பேருக்கு முன்னால சொல்றதுக்குப் பதிலா, எவனோ ஒருத்தன்னே இருந்துட்டுப் போவட்டும்.”