தறிச் சத்தத்தில் வளர்ந்த ஸ்டாப்பர்

பவதாரிணிக்கு உட்கார்ந்திருக்கத் தெரியாது. பிளஸ் டூ முடித்து வீட்டில் இருக்கும் இந்த மாதங்களில் அது இன்னும் மோசம். செல்லூரிலிருந்து பசுமலை மைதானத்துக்குப் போகும் பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டுதான் போவாள். அப்படிப்பட்டவளைத்தான் கோச் பீமாராவ் போன ஆட்டம் முழுக்க வெளியே உட்கார வைத்தார்.

அவள் ஸ்டாப்பர், கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிறவள். அந்தப் பெண்கள் கால்பந்து அணியில் அவளைவிட உயர எம்பித் தலையால் முட்ட ஆளில்லை. ஆனால் களத்தில் வாயைத் திறக்க மாட்டாள். விசைத்தறிப் பட்டறையை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவள் அவள். அம்மா பாண்டியம்மாளுக்கு அங்கேதான் வேலை. தறி ஓடும்போது கத்தினாலும் கேட்காது என்பதால் அங்கே எல்லோரும் கையாலேயே பேசுவார்கள். 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பதற்கு நெஞ்சில் ஒரு தட்டு.

போன ஆட்டத்துக்கு முந்தின ஆட்டத்தில் உயரமாக வந்த ஒரு பந்துக்கும் நெஞ்சைத் தட்டிவிட்டுத்தான் எம்பினாள். பின்னாலிருந்து ஓடிவந்த கோல்கீப்பர் பாண்டிமீனாவுக்கு அது எப்படித் தெரியும்? இருவரும் மோதி விழுந்தார்கள். பாண்டிமீனாவின் உதடு கிழிந்தது. பந்து மெதுவாக உருண்டு கோலுக்குள் போனது.

"பந்து வருது, நெஞ்சத் தட்டுற. நெஞ்சு வலியா?" என்றார் பீமாராவ். "'என்னுது'ன்னு கத்த வேணாமா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

அதற்கடுத்த ஆட்டத்தில்தான் அவள் இடத்தில் தமிழ்வாணி இறங்கினாள். கோட்டுக்கு வெளியே பவதாரிணி புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி, உட்கார்ந்த இடத்தையே மொட்டையாக்கினாள். ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் அணியோடு ஆட்டம். சனிக்கிழமை பயிற்சி ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் யார் இறங்குவது என்று சொல்வேன் என்றார் கோச்.

கத்திப் பழக வேண்டும். எங்கே? தெருவில் கத்தினால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். பட்டறைதான் சரி, யாருக்கும் கேட்காது. உள்ளே போய்ச் சுவரோரமாக நின்று கத்திக்கொண்டே இருந்தாள். மகள் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்த பாண்டியம்மாள், என்னவோ ஏதோ என்று பதறி ஓடி மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டாள். எல்லாத் தறியும் நின்ற அமைதியில் ஒரே ஒரு "என்னுது!" கூரையில் போய் மோதியது.

"என்னடி உன்னுது? யாருடி எடுத்தா?"

பட்டறையே சிரித்தது. பவதாரிணிக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் தன் குரல் இவ்வளவு பெரிது என்று அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது.

சனிக்கிழமை முதல் பாதியில் தமிழ்வாணி ஆடினாள். இரண்டாம் பாதியில் பவதாரிணி. உயரமாக ஒரு பந்து வந்ததும் "என்னுது!" என்றாள். பாண்டிமீனா சட்டென்று நின்றுகொண்டாள். பவதாரிணி முட்டிய பந்து நடுக்கோடு வரை போனது. அதற்குப் பிறகு அவள் வாயை யாராலும் அடைக்க முடியவில்லை. வெளியே போகிற பந்துக்கும் கத்தினாள்.

"அடியே, அது ரோட்டுக்குப் போகுது. அதுவும் உன்னுதா?" என்றாள் பாண்டிமீனா.

ஆட்டம் முடிந்ததும் கோச் பாண்டிமீனாவைத்தான் கூப்பிட்டார். "அடி வாங்குனவ நீ. நீயே சொல்லு, உனக்கு முன்னாடி யாரு நிக்கணும்?"

தமிழ்வாணி ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினாள். பவதாரிணி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

"இவளே நிக்கட்டும் சார். காதுதான் வலிக்குது. ஆனா பாக்காமலே எங்க நிக்கிறான்னு தெரியுது."

"சரி, நாளைக்கு நீ இறங்குற" என்றார் பீமாராவ். 'சரிங்க சார்' என்று சொல்லப் போனாள் பவதாரிணி. வெறும் காற்றுதான் வந்தது.

"போச்சு! வீட்டுக்குப் போயி உப்புத் தண்ணியில கொப்பளி. நாளைக்கு விசில் அடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, ஆமா."